யாருக்குத் தெரிந்த சிக்கல்?

“இது தெரிஞ்ச சிக்கல்தான் சார். எல்லாப் புத்தகத்திலயும் இருக்கு.”

ஐ.சி.யூ. வாசலில் நின்று என் வீட்டுக்காரரிடம் அந்த டாக்டர் சொன்னது இது. நான் உள்ளே கிடந்தேன். மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு ஊசி, மூத்திரத்துக்கு ஒரு குழாய். கதவு சாத்துவதற்கு முன் அந்த ஒரு பேச்சு மட்டும் என் காதில் விழுந்தது. பதினெட்டு மாதம் ஆயிற்று, இன்னும் இறங்கவில்லை. யாருக்கு ஐயா தெரிந்த சிக்கல்? உங்களுக்குத் தெரியும், உங்கள் புத்தகத்துக்குத் தெரியும். மேசையில் படுத்த எனக்குத் தெரியாதே! வெளியே பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனுசனுக்குத் தெரியாதே!

எனக்கு வயது 39. அருப்புக்கோட்டையில் வீட்டுத் திண்ணையை மறித்து ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம். பிளஸ் டூ வரை படித்தவள். இதை எழுதுகிற அளவுக்குத் தமிழ் வரும். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படிக்கிற அளவுக்கு அன்றைக்கு வரவில்லை.

2023 ஆடியில் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டு. சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. மூன்று நாளில் கண் மஞ்சளாயிற்று, மூத்திரம் டீத்தண்ணி நிறம். மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். உள்ளூர் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையில் பொடிக் கற்கள், பித்தக்குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது, குழாயிலும் சிறு கல் இருக்கலாம் என்று சந்தேகம். ரத்தத்தில் மஞ்சளைக் காட்டுகிற பிலிருபின் 3.2. பெரிய ஊருக்குப் போங்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிடுவார்கள், கத்தி இல்லை என்றார். அதற்கு இ.ஆர்.சி.பி. என்று பேர்.

கத்தி இல்லை என்றதும் எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? வயிற்றைக் கிழித்துக் கல்லெடுத்த காலம் போய், 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியாக டாக்டர்கள் பித்தக்குழாய் குடலில் வந்து சேர்கிற வாசலை உள்ளிருந்தே சிறிதாக வெட்டித் திறக்கிற வழியைக் கொண்டுவந்தார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த வழியால் பிழைத்தவர்கள் ஏராளம். என் நாத்தனார் மாமனாரே கல் அடைத்துக் குளிரும் காய்ச்சலுமாக நினைவு தப்பிப் போனவர், அந்த இ.ஆர்.சி.பி.யால்தான் எழுந்து உட்கார்ந்தார். அதனால் அந்தக் குழாயின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. யாரும் இதைப் படித்துவிட்டு, கல் அடைத்து மஞ்சளாகிக் கிடக்கிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் சங்கதி வேறு. பணம் புரட்டி, தேதி கிடைத்து, நாங்கள் போய்ச் சேர 19 நாள் ஆயிற்று. அதற்குள் வலி நின்றுவிட்டது. கண் வெளுத்துவிட்டது. முந்தின நாள் அங்கேயே எடுத்த ரத்தத்தில் பிலிருபின் 0.8. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் கேட்டேன்: “சார், இப்ப மஞ்சள் இல்லையே, வலியும் இல்ல. கல்லு போயிருக்குமோ?”

அவர் சிரித்தார். “கல்லு கரையாதும்மா. பயப்படாதீங்க, அரை மணி நேர வேலை.”

கல் கரையாது, சரி. ஆனால் சின்னக் கல் தானாக நழுவிக் குடலில் விழுந்து போய்விடும். அது அவருக்குத் தெரியாதா? மஞ்சள் இறங்கி ரத்தமும் சரியாகிவிட்டால் கல் இன்னும் அங்கே இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டாமா? எம்.ஆர்.சி.பி. என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது. உடம்புக்குள் எதையும் நுழைக்காமல் காந்தத்தாலேயே பித்தக்குழாயைப் படம் பிடித்துவிடும். அந்த மிஷின் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தது. நாங்கள் அதன் வாசல் வழியாகத்தான் லிஃப்டுக்கு நடந்தோம்.

நான் போன தீபாவளிக்கு எடுத்த அளவை வைத்து இந்தத் தீபாவளிக்கு ரவிக்கை வெட்ட மாட்டேன். போன மாதம் எடுத்த அளவாக இருந்தாலும், அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தால் நாடாவை இன்னொரு தடவை போடுவேன். வெட்டின துணி ஒட்டாது. நூறு ரூபாய் ரவிக்கைத் துணிக்கு நான் கொடுக்கிற மரியாதை அது.

காலையில் ஒரு பையன் நாலைந்து தாளை அட்டையில் செருகிக்கொண்டு வந்தான். இங்க, இங்க, இங்க என்று மூன்று இடத்தில் பேனாவால் தொட்டான். என்ன தம்பி இது என்று கேட்டேன். “ரெகுலர் ஃபார்ம்தான்கா, எல்லாருக்கும் வாங்குறது.” போட்டேன். கையெழுத்துப் போட்ட தாளில் அச்சடித்த வரிகளுக்கு நடுவே கோடு போட்ட வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

பதினொன்றரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். குப்புறப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைச் செருகி, கையில் ஊசி போட்டார்கள். அதோடு நினைவில்லை. வெளியே இருந்த என் வீட்டுக்காரருக்கு நேரம் நினைவிருக்கிறது. அரை மணி நேர வேலை ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. யாரோ எட்டிப் பார்த்து “எல்லாம் கிளியர்” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சிறுநீரகக் கல் எடுத்தால் டப்பாவில் போட்டுக் கொடுப்பார்களே, அதைப் போல எதையாவது காட்டுவார்கள் என்று இவர் நாலரை வரைக்கும் காத்திருந்தார்.

நாலு மணிக்கு எனக்கு ஆரம்பித்தது. பிரசவ வலி தெரியும் எனக்கு, இரண்டு பெற்றவள். இது அந்த ஜாதி வலி இல்லை. மேல்வயிற்றில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துகிற மாதிரி, அது அப்படியே பெல்ட் போலச் சுற்றி முதுகில் போய் இறுகுகிற மாதிரி. மல்லாக்கப் படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“சிஸ்டர், முதுகுக்குப் போகுது.”

“உள்ள காத்து விட்டிருப்பாங்கக்கா. கேஸ்தான். நடந்தீங்கன்னா சரியாயிடும்.”

நடந்தேன். சொன்னதைக் கேட்டேன் நான்! கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வார்டில் நடந்தேன். ஆறு மணிக்குப் பச்சையாக வாந்தி. கேஸ் ஊசி போட்டார்கள். எட்டு மணிக்கு மறுபடி. டியூட்டி டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டு இன்னொரு ஊசி. பத்து மணிக்கு நான் அழுதபோது ஷிஃப்ட் மாறி வந்த சிஸ்டர், “பக்கத்து பெட்ல ஆபரேஷன் பண்ணின பாட்டியே சத்தம் போடாம தூங்குறாங்க” என்றார். அதற்குப் பிறகு நான் சத்தம் போடவில்லை. வெட்கம். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு விடிகிற வரைக்கும் இருந்தேன். இவர் விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். ஏ.சி. வார்டில் விசிறி. வேறு என்ன செய்யத் தெரியும் அந்த மனுசனுக்கு?

காலையில் தட்டில் இரண்டு இட்லி வந்தது.

பத்து மணி ரவுண்ட்ஸில்தான் பெரிய டாக்டர் வயிற்றைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்தார். கணையத்துக்கான ரத்தப் பரிசோதனை, அமைலேஸ், லைபேஸ் எடு என்றார். அமைலேஸ் 2,640. நூற்றுச் சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது. வலி ஆரம்பித்து 18 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் அது. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வழிகாட்டுதலில், அன்றே வீட்டுக்கு அனுப்பப் போகிறவராக இருந்தாலும் வலிக்கிறது என்று சொன்னால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லியிருக்கிறது. நான் வீட்டுக்குப் போகவில்லையே. அவர்கள் கண்ணெதிரில்தானே கிடந்தேன். கேஸ் என்ற ஒரு சொல் என் பதினெட்டு மணி நேரத்தை விழுங்கியது.

என்ன நடந்தது என்பதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது என் அண்ணன் மகள். நர்சிங் படிக்கிறாள். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். “அத்தை, பித்தக்குழாயும் கணையக்குழாயும் வேற வேற. ஆனா குடல்ல வந்து சேர்ற வாசல் ஒண்ணுதான்.” ஒரு வாசல், உள்ளே இரண்டு சந்து. பித்தச் சந்துக்குள் போக வேண்டிய கம்பி, சில பேருக்குத் திரும்பத் திரும்பக் கணையச் சந்துக்குள் போய்விடும். போகப்போக அந்த இடம் புண்ணாகி வீங்கும். வாசல் அடைபடும். சோற்றைச் செரிக்கக் கணையம் சுரக்கிற நீர் வெளியே வர வழியில்லாமல் கணையத்தையே செரிக்க ஆரம்பிக்கும். என் வயிற்றில் நடந்தது அதுதான். நான் என்னையே தின்றுகொண்டிருந்த ராத்திரியில்தான் நடந்தால் சரியாகும் என்றார்கள்.

பெரும்பாலோருக்கு இது லேசாக வந்து நாலு நாளில் அடங்கிவிடுமாம். எனக்கு அடங்கவில்லை. கணையத்தில் பாதி அழுகிவிட்டது. அங்கே 16 நாள், பிறகு பணம் தீர்ந்து அரசு மருத்துவமனையில் 55 நாள். வயிற்றின் இடது பக்கம் ஓட்டை போட்டு, அழுகினதை வடிக்கக் குழாய். வெளியே பையில் சேறு போல ஒன்று சொட்டும். தினமும் இவர்தான் அளந்து எழுதிவைப்பார்.

தாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வலியை மறந்தாலும் மறப்பேன், அதை மறக்கமாட்டேன். முதல் நாட்களில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவார்கள். எதிரே மேசையில் ஒரு சிஸ்டர் எவர்சில்வர் பாட்டில் வைத்திருப்பார். அந்த மூடியைத் திருகும்போது கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். கண்ணை மூடியிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு என் தொண்டை தானாக விழுங்கும். உள்ளே விழுங்க எதுவும் இருக்காது. இன்றைக்கும் வீட்டில் யாராவது பாட்டில் மூடியைத் திருகினால் எழுந்து போய்விடுகிறேன்.

முதல் பதினாறு நாளைக்கு மட்டும் 7 லட்சத்து 40 ஆயிரம். ஒன்றேகால் சென்ட் மனை போயிற்று. தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டது ஆஸ்பத்திரி பாத்ரூமில். மகளுக்கு மதுரையில் கிடைத்த காலேஜ் சீட்டை விட்டுவிட்டு உள்ளூரில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் நாடாவை எடுத்து என்னையே அளந்து பார்த்தேன். 38 இருந்த மார்பளவு 32. ஊரில் எத்தனை பெண்களை அளந்த கை, சொந்த உடம்பில் நடுங்கியது. கணையம் போன அளவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. காலையும் ராத்திரியும் இன்சுலின். ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் செரிமானத்துக்கு ஒரு காப்ஸ்யூல். அது இல்லாமல் சாப்பிட்டால் எண்ணெயாகப் போகிறது.

இதிலும் ஒரு கொடுமை. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, “ஸ்டென்ட் எப்பம்மா வச்சாங்க?” என்று கேட்டார். எந்த ஸ்டென்ட்? என் பித்தக்குழாய்க்குள் இரண்டேகால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. அதை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், விட்டால் அதுவே அடைத்துச் சீழ்க் காய்ச்சல் வரும், அதைச் சுற்றியே புதிதாகக் கல் கட்டும். அதைச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்லையா? அந்த அம்மாதான் அதை எடுத்தார், பின்னால் பித்தப்பையையும் எடுக்க ஏற்பாடு செய்தார். என்னிடம் குனிந்து காதோடு பேசிய ஒரே டாக்டர் அவர். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொல்லுவார். இரண்டு நிமிடம்தான் ஆகும் அவருக்கு. அந்த அரசு மருத்துவமனையின் கூட்டத்திலும் அந்த இரண்டு நிமிடம் இருந்தது.

முதல் ஆஸ்பத்திரியில் ஃபைலை வாங்க நாங்கள் பட்ட பாடு தனி. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியில் இருக்கிறது. எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. எட்டு தடவை பஸ் ஏறினார் இவர். ஒரு தடவை ரெக்கார்ட் ரூம் பூட்டியிருக்கிறது, ஒரு தடவை சார் கான்ஃபரன்ஸ் போயிருக்கிறார்.

வந்த ஃபைலை அண்ணன் மகள் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். வாசலுக்குள் நுழையவே சிரமப்பட்டிருக்கிறார்கள். கணையக்குழாய்க்குள் நாலு தடவை கம்பி போயிருக்கிறது. பிறகு வாசலை வெட்டித் திறந்திருக்கிறார்கள். அடுத்த வரியில் அவள் குரல் நின்றுவிட்டது. “அத்தை... கல்லு எதுவும் இல்லன்னு போட்டிருக்கு.”

கல் இல்லை. கிளியர் என்று இவரிடம் சொன்னது அதைத்தான். நான் காலையில் கேட்ட கேள்விக்கு உள்ளே ஒரு மணி இருபது நிமிடம் குடைந்தபின் பதில் கிடைத்திருக்கிறது, என் கணையத்தை விலையாக வாங்கிக்கொண்டு.

அவள் இன்னும் தேடினாள். பெண், சின்ன வயசு, பிலிருபின் சரியாக இருக்கிறது, உள்ளே நுழையக் கஷ்டம், கணையத்துக்குள் கம்பி போயிருக்கிறது. இந்தச் சிக்கல் வர அதிக வாய்ப்புள்ளவர்கள் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற பட்டியலில் இத்தனையும் நான்தானாம். அதைத் தடுக்க மருந்தும் இருக்கிறதாம். இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக், 100 மில்லிகிராம், ஆசனவாயில் வைக்கிற மாத்திரை. 2012-ல் அமெரிக்காவில் அதிக ஆபத்துள்ள 602 பேரிடம் இண்டோமெத்தசினைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். வைக்காதவர்களில் 16.9 சதவீதம் பேருக்குக் கணையம் வீங்கியது, வைத்தவர்களில் 9.2 சதவீதம். ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு போலத் தடை ஏதும் இல்லாத எல்லாருக்கும் குழாய் விடுவதற்குச் சற்று முன்பு அதை வைக்கச் சொல்கிறது அந்த ஐரோப்பிய வழிகாட்டுதல். எனக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது. இரண்டாவது பிள்ளை சிசேரியன் ஆனபோது வலிக்காக அதே டைக்ளோஃபெனாக் மாத்திரையைத்தான் எனக்கு வைத்தார்கள், ஒன்றும் செய்யவில்லை. என் மருந்து அட்டையை அண்ணன் மகள் மூன்று தடவை பார்த்தாள். இல்லை. கணையக்குழாய் அடைபடாமல் இருக்க அதில் ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்திருக்கலாமாம். அதுவும் இல்லை.

வைத்திருந்தால் எனக்கு வந்திருக்கவே வராது என்று நான் சொல்லவில்லை. வைத்தவர்களிலும் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு வந்திருக்கிறதே. அந்த வாய்ப்பையாவது எனக்குக் கொடுத்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

வழக்குப் போடலாமா என்று கேட்கப் போனபோது வக்கீல் ஒரு தீர்ப்பைச் சொன்னார். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சமீரா கோலி வழக்கு. சிகிச்சை என்ன, எதற்கு, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, இத்தனையும் சொல்லி வாங்குவதுதான் சம்மதம். அபூர்வமான, ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதிலேயே இருக்கிறதாம். எனக்கு வந்தது அபூர்வமா? இப்படி வாசலை வெட்டிய 2,347 பேரைக் கணக்கெடுத்து 1996-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 5.4 சதவீதம் பேருக்குக் கணைய அழற்சி. நூறு பேரில் ஐந்து பேர். என் தெருவில் நூறு வீடு இருக்கிறது. ஐந்து வீட்டில் சாவு மேளம் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தத் தெருவில் அன்றைக்கு யார் தூங்குவார்கள்? எல்லாரும் சாகவில்லை, எனக்குத் தெரியும். நானும் சாகவில்லை. ஆனால் அந்த எண்ணை என் முன்னால் வைத்து, “உனக்கு இப்ப மஞ்சள் இல்ல, ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துட்டுச் செய்யலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஸ்கேன்தான் சொல்லியிருப்பேன். எந்தப் பைத்தியக்காரி வேறு சொல்லுவாள்?

நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம் கெடு. அதில் ஆறு மாதம்தான் பாக்கி. இன்னொரு டாக்டர் எழுத்தில் கருத்துக் கொடுத்தால் நல்லது என்கிறார் வக்கீல். மூன்று பேரிடம் போனோம். மூன்று பேரும் ஃபைலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, “இது செஞ்சிருக்கவே வேண்டாம்மா” என்றார். எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டால், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறார்கள்.

எங்கள் வக்கீல் நோட்டீசுக்கு அந்த முதல் ஆஸ்பத்திரி தரப்பு அனுப்பிய பதிலில், எல்லா ஆபத்தையும் விளக்கி, நோயாளி படித்துப் புரிந்து கையெழுத்திட்டார் என்று இருக்கிறது. சம்மதத் தாளின் நகலையும் இணைத்திருக்கிறார்கள். எனக்குப் புரிகிற மொழியில் விளக்கப்பட்டது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. நான் போட்டபோது வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது கையால் எழுதிய ஒரு வரி ஓடுகிறது. அண்ணன் மகள் வாசித்துச் சொன்னாள்: கணைய அழற்சி, ரத்தக்கசிவு, குடல் ஓட்டை, மரணம்.

அந்தத் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். என் கையெழுத்தின் முதலெழுத்தில் சுழியைப் பெரிதாக மேலே ஏற்றிப் போடுவேன், பள்ளிக்கூடக் காலப் பழக்கம். அது அந்த வெற்றிடத்துக்குள் ஏறி நிற்கும். கையால் எழுதிய வரி இடப்பக்கமிருந்து நேராக வருகிறது. என் சுழிக்குப் பக்கத்தில் வந்ததும் அதன்மேல் இடிக்காமல் மேலே வளைந்து, தாண்டி, மறுபடி கீழே இறங்கி ஓடுகிறது. இருபது வருடமாகத் தையல் போடுகிறேன். இரண்டு தையல் சந்திக்கிற இடத்தில் எது முந்திப் போட்டது, எது பிந்திப் போட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். பிந்தி வருகிற நூல்தான் ஒதுங்கிப் போகும்.